ஏவிய குரல் எவருடையது?

அறத்தின் பெயரால் நடந்த கொலைகளைப்போல் ஆராயப்படாத கொலைகள் வேறில்லை. கள்வன் கொன்றால் கேள்வி எழும். கதைத்தலைவன் கொன்றாலோ கைதட்டல் எழும்! மாண்டவன் யார், அவன் இழைத்த தீங்கு யாது, அவன் இல்லத்தில் அழுவோர் உண்டா என்று எவரும் கேட்பதில்லை. 'அசுரன்' என்னும் ஒரு சொல் போதும். பிறகு வழக்கில்லை, வாதமில்லை, தீர்ப்பு மட்டுமே உண்டு. நரகாசுரன் மாண்டதற்காக ஆண்டுதோறும் எண்ணெய் தேய்த்து நீராடுகிறது நாடு. அவன் தரப்பு என்னவென்று ஒரு நாளேனும் கேட்டதுண்டா?

இந்தக் கேள்வியை என் வீட்டுக் கூடத்திலே, அண்மையில் எனக்கு மீண்டும் எழுப்பித் தந்தது ஏடு அன்று, மேடை அன்று. ஒரு வீடியோ விளையாட்டு. நகைக்க வேண்டா, தோழர்களே! கூத்தும் நாடகமும் திரைப்படமும் கருத்தைச் சுமந்து வந்த நாட்டிலே, இளைஞர் கையிலிருக்கும் விளையாட்டு மட்டும் என்ன சுமந்து வருகிறது என்று பார்க்காமல் இருப்பது அறிவுடைமை ஆகாது.

மதுரையிலே கல்லூரியில் பயிலும் என் தமக்கை மகன், விடுமுறைக்குப் போடிநாயக்கனூர் வந்திருந்தான். அவன் ஆடிய விளையாட்டின் பெயர் 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்'. ஜப்பானியரான ஃபுமிட்டோ உவேடா உருவாக்கி, 2005-இல் வெளிவந்து, 2018-இல் புதுப்பொலிவுடன் மீண்டும் வந்தது. கதை சிறியது. வாண்டர் என்னும் இளைஞன், பலியிடப்பட்டு மாண்ட மோனோ என்னும் பெண்ணைக் குதிரைமீது சுமந்து, மனிதர் புகத் தடைசெய்யப்பட்ட நிலத்துக்கு வருகிறான். ஆங்கே பாழடைந்த கோயிலிலே ஒரு குரல் ஒலிக்கிறது. அக்குரலின் பெயர் டோர்மின். "இந்நிலத்தில் உலவும் பதினாறு பேருருவங்களைக் கொன்றுவா; இவள் எழக்கூடும். ஆனால், நீ கொடுக்கவேண்டிய விலை பெரிதாக இருக்கும்" என்பது அக்குரல் கூறுவதன் சாரம். விலையைப் பற்றிக் கவலையில்லை என்கிறான் இளைஞன். காதலுக்காக, உயிர்மீட்புக்காக வாளேந்துகிறான். இதைவிடப் புனிதமான பணி வேறென்ன வேண்டும்?

பதின்மூன்றாவது உருவம் மணல்வெளியின்மேல் மிதந்து பறக்கும் நீண்ட உயிர். அது அவனைத் தாக்கவில்லை; தீண்டவுமில்லை. அதன் உடலில் பாய்ந்தேறி வாளைச் செருகிச் சாய்த்தான் என் மருமகன். பின்னர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தான்.

"மாமா, இது என்னை ஒன்றும் செய்யவில்லை. தன்பாட்டில் பறந்துகொண்டிருந்தது" என்றான்.

"பின் ஏன் கொன்றாய், தம்பி?"

"கொல்லாவிட்டால் கதை நகராதே, மாமா!"

எத்தகைய விடை! உலகில் வாளெடுத்தவர் பலரும் தந்த விடை இதுதானே! கொல்லாவிட்டால் பேரரசு நகராது. எரிக்காவிட்டால் தோட்டம் நகராது. விரட்டாவிட்டால் முன்னேற்றம் நகராது.

விளையாட்டின் முடிவை அவன் வாயாலேயே கேட்டேன். ஒவ்வோர் உருவம் விழும்போதும் கரிய இழைகள் கிளம்பி இளைஞன் உடலிற் புகுகின்றன. முகம் வெளிறுகிறது, பொலிவு போகிறது, இறுதியில் தலையிலே கொம்பு முளைக்கிறது. பதினாறு உருவங்களும், பண்டு பிளந்து சிறைவைக்கப்பட்ட டோர்மினின் பதினாறு கூறுகள்! அவற்றைக் கொன்று கொன்று, தன்னை ஏவிய குரலுக்கே விடுதலை தேடித் தந்திருக்கிறான் இளைஞன். பெண் எழுகிறாள், ஆனால், எழுப்பியவன் பேருருவாகிவிட்டான். அரக்கரை அழிக்கப் புறப்பட்டவனே அரக்கனாய் நிற்கிறான்.

இதனைக் கண்டு வியக்கும் இளைஞர்க்கு நான் கூறுவது: தமிழ்நாட்டுக்கு இது புதிதன்று. வென்றவன் பாடிய கதையை வீழ்ந்தவன் பக்கமிருந்து படித்துப் பார் என்று கூறியது இம்மண். புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946-இல் வெளிவந்தது. 1948-இல் அன்றைய அரசு அதற்குத் தடை விதித்தது. 1971-இல்தான் அத்தடை நீங்கியது. கதையிலே ஒருவனைக் கொல்வது குற்றமன்று. கொல்லப்பட்டவனுக்காகக் கதை எழுதுவதுதான் குற்றம்! எத்துணை வேடிக்கை பாரீர்! விளையாட்டைப் படைத்த ஜப்பானியரும், காவியம் படைத்த நம் புலவரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவரும் ஒரே இடத்திற் கைவைத்தனர்: கதைத்தலைவன் என்னும் பட்டத்தை யார் சூட்டினார்?

கற்பனையை விடுங்கள், வரலாற்றைப் பாருங்கள். இலங்கை மலைநாட்டிலே ஆங்கிலேய அதிகாரி மேஜர் ரோஜர்ஸ் 1,400-க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்கின்றன ஏடுகள். அவர் வீரர் எனப் போற்றப்பட்டார். காப்பித் தோட்டம் பரவிய காலம் அது. யானை வீழ்ந்த மலைகளிலே தோட்டம் எழுந்தது. அத்தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து கால்நடையாய் நடந்து மாண்டோர் எத்தனை எத்தனை பேர்! ரோஜர்ஸ் 1845-இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். தெய்வம் தண்டித்தது என்று சிலர் கூறுவர். நாம் கூறமாட்டோம், மேட்டில் நிற்பவரை மின்னல் தாக்குவது இயற்கை. தண்டிக்க வேண்டியது மின்னலன்று, மனிதனின் நீதி. அதுவோ அவருக்குப் பாராட்டு வழங்கிவிட்டது!

அத்தகைய மலை எங்கள் ஊருக்கு மேலேயும் நிற்கிறது. போடியிலிருந்து பதினேழு கொண்டைஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் பூப்பாறை, ஆனையிறங்கல், சின்னக்கானல். ஆனையிறங்கல்! யானை இறங்கும் இடம் என்று ஊர்ப்பெயரே சாட்சி சொல்கிறது. அங்கே ஏலம் விளைந்தது, தேயிலை விளைந்தது, அணை எழுந்தது, விடுதிகள் முளைத்தன. 2003-ஐ ஒட்டிய ஆண்டுகளிலே நிலமற்ற பழங்குடிக் குடும்பங்கள் 301-ஐக் கேரள அரசு அப்பகுதியிற் குடியேற்றியது. அவ்விடத்துக்கு '301 காலனி' என்றே பெயராயிற்று. நிலம் கேட்ட ஏழைக்கு யானை நடக்கும் தடத்தை எடுத்துக் கொடுத்தார்கள். அஞ்சிப் பல குடும்பங்கள் வெளியேறின.

அங்கே உலவிய ஆண் யானைக்கு அரிக்கொம்பன் என்று பெயரிட்டனர். அரிசிக்காகக் கடைகளையும் வீடுகளையும் உடைத்ததால் வந்த பெயர். மக்கள் அஞ்சியது பொய்யன்று, இழந்தவை பொய்யல்ல. அதனைப் பிடித்துக் கும்கியாக்கத் திட்டமிட்டபோது கேரள உயர்நீதிமன்றம் தடுத்தது. 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி செலுத்தி, கழுத்திலே ரேடியோ பட்டை பூட்டிப் பெரியாறு காப்பகத்தில் விட்டனர். மே 27 அன்று அது கம்பம் நகரத் தெருக்களிலே ஓடியது; காயமுற்ற ஒருவர் பின்னர் உயிரிழந்தார். ஜூன் 5 அன்று மீண்டும் மயக்கிப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கு லாரியில் ஏற்றிச் சென்றனர். தொலைக்காட்சியிலே அது ஒருநாள் அரக்கன், மறுநாள் அப்பாவி. தடத்தை அடைத்தவர் பெயர் மட்டும் எந்நாளும் வரவில்லை!

எங்கள் தெருவிலிருந்து விடியுமுன்பே ஜீப்பிலே நெருக்கி ஏற்றப்பட்டு ஏலத்தோட்டத்துக்குச் செல்லும் பெண்களுள் ஒருவரிடம் கேட்டேன்: "யானை போனதிலே நிம்மதிதானே, அம்மா?"

"நிம்மதிதான், அண்ணே. அதைப் பார்த்து ஓடியவள் நான். ஆனால் ஒன்று. அரிசிக்காகத்தான் அது இறங்கி வந்தது. அரிசிக்காகத்தான் நாங்களும் ஏறிப் போகிறோம். அதைக் கொண்டுபோக நான்கு கும்கியும் லாரியும் வந்தன. எங்களைக் கொண்டுபோக இன்னும் அதே ஜீப்புத்தானே?"

இதைக் கேட்டபின் நான் எவ்வகைத் தீர்ப்பைக் கூறுவேன்? யானை வாழ்க என்று கூறித் தொழிலாளியை மறப்பதும் கொடுமை. தொழிலாளியைக் காட்டி யானையை அசுரனாக்குவதும் கொடுமை. இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, கோயிலுக்குள் மறைந்து நின்று பேசுகிறதே ஒரு குரல், அதனைத்தான் வெளியே இழுக்கவேண்டும். மலையைப் பங்கிட்டவர் யார்? பலன் பெற்றவர் யார்? போடியில் ஏலக்காய் ஏலம் போகும்போது விலை கூறுவோர் பட்டியலிலே பறித்தவள் பெயர் உண்டா?

தம்பிமாரே! பகுத்தறிவு என்பது பிறர் வணங்கும் தலைவனைக் குறைகூறும் திறமை மட்டுமன்று. நம்மை ஏவுகின்ற குரலையும் ஆராயும் துணிவு அது. தம் சொல்லையும் ஆராய்ந்தே ஏற்கவேண்டும் என்று மேடைதோறும் கூறினார் பெரியார். அந்தத் துணிவு நமக்கும் வேண்டும். நம் கொடியின்கீழ் எழும் முழக்கத்துக்கும் அதே அளவுகோல் வேண்டும். "இவன் பகைவன், இவனை வீழ்த்து" என்று யார் கூறினாலும், வாளைத் தொடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: அவன் என்ன செய்தான்? அவன் வீழ்ந்தால் எவர் பெறுவார்? வீழ்த்தியபின் நான் என்ன ஆவேன்?

விளையாட்டிலே கொல்லாவிட்டால் கதை நகராது. அதை எழுதி முடித்துவிட்டார்கள். நாட்டின் கதையை இன்னும் எவரும் எழுதி முடிக்கவில்லை. கொல்லாமலும் அது நகரும். கேள்வி கேட்பவர் கையிலே எழுதுகோல் இருந்தால்!