ரசீது புத்தகம்

அப்பா எங்கள் ஊர்க் கட்சிக் கிளையில் பொருளாளர். மாநாடு வந்தால் ரசீது புத்தகத்தோடு வீடு வீடாகப் போவார். நானும் கூடப் போவேன். இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்தான். காசைக் கொடுத்த கையோடு, "தெருக்குழாய் என்னாச்சுண்ணே?" என்று கேட்பார்கள். அப்பா பதில் சொல்லியே ஆகவேண்டும்.

இன்று கட்சிகளுக்கு அந்த வீடுகள் தேவைப்படவில்லை. 2018 முதல் தேர்தல் பத்திரங்கள் வழியாக, யார் கொடுத்தது என்று வாக்காளருக்குத் தெரியாமலே கோடி கோடியாகப் பணம் போனது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. பெயர்கள் வெளிவந்தன. எனக்கு அன்று பெரிய நிம்மதி. ஆனாலும் ஓட்டை அடைபடவில்லை. பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் 95 லட்சத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. அவரை நிறுத்தும் கட்சிக்கோ உச்சவரம்பே கிடையாது. இவ்வளவு பணத்தை எந்தக் கிளை வசூலித்துத் தரும்? பணமுள்ளவருக்கு சீட்டு போகிறது. முப்பது வருடம் கொடி கட்டியவர் வாசலில் நிற்கிறார். அப்படிப்பட்ட பலரை எனக்குத் தெரியும், மனசு வலிக்கிறது.

உங்கள் வீட்டுக்கு ஒரு கட்சிக்காரர் கடைசியாக நன்கொடை ரசீதோடு வந்தது எப்போது?