பாட்டியின் கூழும் என் பட்டப்படிப்பும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்கள் நிறைந்த வீடு எங்கள் வீடு. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். அந்த நம்பிக்கையை நான் எவ்வாறு பயன்படுத்தினேன் என்பதை வெட்கத்தோடு இங்கே எழுதுகிறேன்.

பிரசவத்திற்கு வந்த என் அக்கா, மாமா வெளியூர் வேலைக்குப் போய்விட்டதால், கைக்குழந்தையுடன் எங்கள் வீட்டிலேயே தங்கினாள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும்; அதன்பின் தாய்ப்பாலோடு திட உணவும் வேண்டும். பிறவியில் குழந்தையின் உடலில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்து அந்த வயதில் குறையத் தொடங்கும். தாய்ப்பாலில் அது சொற்பமே. இதையெல்லாம் நான் படித்திருந்தேன். படித்த திமிரில், அங்கன்வாடியில் தந்த சத்துமாவை ஒதுக்கினேன். பாட்டி கேழ்வரகை ஊறவைத்தபோது சிரித்தேன். உதவித்தொகைப் பணத்தில் ஒரு டப்பா மாவு வாங்கி வந்து, "இதையே கொடு அக்கா" என்றேன்.

ஆறாம் மாதம் 6 கிலோ 600 கிராம் இருந்த குழந்தை, எட்டாம் மாதம் 6 கிலோ 500 கிராம் ஆயிற்று. அங்கன்வாடி அம்மா எடை அட்டையைப் பார்த்துவிட்டு, "மாவு எத்தனை கரண்டி போடுறேம்மா?" என்று கேட்டார். அக்கா தலைகுனிந்தாள்.

"மூணு கரண்டி போடணும், ஒண்ணுதாங்க போட்டேன். தீந்துபோனா தம்பிகிட்ட மறுபடி எப்படிக் கேக்கிறது?"

என் உள்ளம் கூசிற்று. எட்டு மாதக் குழந்தைக்கு நான் ஊட்டச் சொன்னது வெறும் வெந்நீர்! குழந்தையின் இரைப்பை, ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 30 மில்லி லிட்டர்தான் கொள்ளும். எங்கள் குழந்தைக்கு 200 மில்லிக்கும் குறைவு. அதை நீரால் நிரப்பினால் வயிறு நிறையும், உடம்பு நிறையாது. கெட்டியாகக் கிளறினாலோ குழந்தை விழுங்காது.

அன்று மாலையே பாட்டி கேழ்வரகை ஊறவைத்தாள். துணியில் கட்டி முளைவிட்டதும் உலர்த்தி, இலேசாக வறுத்து, அரைத்துச் சலித்தாள். "அதிகம் வறுத்துடாதே சாமி, கூழ் இளகாது" என்றாள். ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

விடை ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. பேராசிரியரின் அனுமதியுடன், ஸ்டார்ச்சுக் கரைசலில் முளைகட்டிய கேழ்வரகின் சாற்றைக் கலந்து, சிறிது நேரத்திற்கு ஒருமுறை அயோடினால் சோதித்தேன். முதலில் கருநீலம், பின்னர் செந்நிறம், கடைசியில் நீலமே தோன்றவில்லை. தானியம் முளைக்கும்போது உண்டாகும் அமிலேஸ் என்னும் நொதி, ஸ்டார்ச்சின் நீண்ட சங்கிலிகளை அறுத்துவிடுகிறது. அதனால் மாவை நிறையப் போட்டாலும் கூழ் இளகியே இருக்கிறது. கடுஞ்சூடு பட்டால் நொதி அழிந்துவிடும். பாட்டியின் எச்சரிக்கைக்குப் பொருள் இதுதான்!

ஆனால் பாட்டி சொன்னதெல்லாம் சரியென்று நான் கூறவில்லை. குழந்தையின் நாக்கில் தேன் தடவ வந்தபோது தடுத்தேன். தேனில் பொட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும் என்பதால், ஓராண்டு நிறையும் வரை கூடாது என்று விளக்கினேன். "அப்படியா? சரி, வேண்டாம்" என்று கிண்ணத்தை வைத்துவிட்டாள். கற்றுக்கொள்வதில் அவளுக்கு என்னைப்போல் கௌரவம் குறுக்கே நிற்கவில்லை.

கூழோடு மசித்த பருப்புச் சோறும், கீரையும், வெந்த முட்டையும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. தாய்ப்பாலும் தொடர்ந்தது. பத்தாம் மாதம் எடை 7 கிலோ 200 கிராம். அக்கா அட்டையை முதலில் என்னிடம்தான் நீட்டினாள். அவள் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நம் சொல்லை வீட்டார் எதிர்க்கேள்வியின்றி ஏற்பார்கள். ஆகவே கேள்வியை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இப்போதெல்லாம் பாட்டி எது சொன்னாலும் நான் சிரிப்பதில்லை, "ஏன் பாட்டி?" என்று கேட்கிறேன்.