வரித்தலை வாத்து வந்திறங்கும் நஞ்சராயன் குளம்

மங்கோலியாவிலும் திபெத்திலும் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கியதும் இமயமலையைத் தாண்டித் தெற்கே வருகிறது வரித்தலை வாத்து. 7,000 மீட்டருக்கு மேலும் பறக்கக்கூடிய பறவை இது. அது இறங்கும் நீர்நிலைகளில் ஒன்று பனியன் நகரமான திருப்பூரில் இருக்கிறது என்றால், உள்ளூர்க்காரர்களே சிலர் நம்புவதில்லை.

பறவை பார்ப்பதற்காகவே வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறவர்கள் உண்டு. திருப்பூர் மாவட்டத்து விவசாயிக்கு அந்தச் செலவு வேண்டாம். அதிகாலையில் பஸ் ஏறினால், பொழுது சாய்வதற்குள் குளம், கொரங்காடு, நெல்வயல் என மூன்று நிலங்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம்.

முதலில் குளம். ஊத்துக்குளி சாலையில் சர்க்கார் பெரியபாளையம் அருகே சுமார் 126 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கிறது நஞ்சராயன் குளம். நல்லாற்று நீரும் மழைநீரும்தான் ஆதாரம். முற்காலத்தில் இதைச் சீரமைத்த நஞ்சராயன் என்ற அரசரின் பெயரே குளத்துக்கு நிலைத்துவிட்டது. 2022-ல் தமிழகத்தின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. விடியற்காலையில் கரையில் நின்றால், ஒரு பக்கம் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் தெரியும். மறுபக்கம் கம்பெனிக் கட்டடங்கள் தெரியும்.

பட்டியலில் சேர்ந்துவிட்டதால் தண்ணீர் சுத்தமாகிவிடாது. நல்லாற்றில் நகரத்துக் கழிவுநீரும் கலந்துதான் வருகிறது. இதன் விலை என்ன என்பது நொய்யல் கரை விவசாயிகளுக்கு நன்றாகவே தெரியும். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக மாறியது. கிணறுகள் உப்பேறின. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. குளம், ஆற்றை ஒட்டிக் கிணறு வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது. உப்பைக் காட்டும் ஈ.சி. அளவு 3-ஐத் தாண்டினால், பெரும்பாலான பயிர்களுக்கு அந்தத் தண்ணீர் ஆகாது.

வெயில் ஏறுவதற்குள் காங்கேயம் பக்கம் போய்விட வேண்டும். அங்கே நிலத்தின் முகமே வேறு. கிளுவை வேலி, நடுவில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். காங்கேயம் மாட்டை வளர்த்த கொரங்காடு இதுதான். வேலிக்குள் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு திரியும். கம்பத்தில் பனங்காடை உட்கார்ந்து வெட்டுக்கிளிக்குக் குறி பார்க்கும். புல்லுக்குள்ளிருந்து கௌதாரி சட்டென்று கிளம்பி நெஞ்சைப் பதற வைக்கும். கிளுவையை வெட்டிவிட்டுக் கம்பிவேலி போட்டால் இவை எங்கே போகும்? கம்பிவேலி ஆட்டை நிறுத்தும். ஆனால் அதில் எந்தக் குருவியும் கூடு கட்டாது.

மயிலைப் பற்றிப் பேசாமல் இந்தப் பக்கத்தைக் கடக்க முடியாது. நிலக்கடலை விதைத்தவுடன் பருப்பைக் கிளறித் தின்கிறது, தக்காளியைக் கொத்துகிறது என்பது ஊருக்கு ஊர் கேட்கும் புலம்பல். அது நியாயமான புலம்பல்தான். ‘தேசியப் பறவை’ என்று சொல்லிவிட்டால் நட்டம் சரியாகிவிடுமா? அதற்காக விஷம் வைப்பது சட்டப்படி குற்றம். விதைத்த முதல் 2 வாரம் காவல் இருப்பதும், வரப்போரம் மினுமினுக்கும் ரிப்பன் கட்டுவதும் ஓரளவு கைகொடுக்கும். ஒரே இடத்தில் ரிப்பனை விட்டுவைத்தால் மயில் பழகிவிடும்.

கடைசியாகத் தாராபுரம். அமராவதி பாசனத்தில் நடவு நேரமென்றால், ஏர் உழும் டிராக்டருக்குப் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் வரிசையாக நடந்து வரும். ஆட்காட்டி வரப்பில் நின்று கத்தும். இருட்டிய பிறகு வயலுக்கு வருகிறது கூகை. எலியே அதற்குப் பிரதான இரை. வயலில் ‘டி’ வடிவக் குச்சிகள் நட்டால் பகலில் கரிச்சானும் இரவில் கூகையும் உட்காரும்; ஏக்கருக்கு 15 முதல் 20 போதும். மருந்து தின்று மயங்கிய எலியைக் கூகை தின்றால் கூகைக்கும் ஆபத்து என்பதால், குச்சி நட்ட வயலில் எலி மருந்தைத் தவிர்க்க வேண்டும். நெற்கதிர் பால் பிடித்ததும் குச்சிகளைப் பிடுங்கிவிடலாம். இல்லாவிட்டால் கதிர் தின்னும் குருவிகளும் அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளத்தில் வலசைப் பறவைகளைப் பார்க்க ஏற்ற காலம். காலை 6 மணிக்கே கரையில் இருப்பது நல்லது. பளிச்சென்ற சட்டை வேண்டாம். பிள்ளைகளை அழைத்துப் போனால் ஒரு நோட்டும் பேனாவும் கையில் கொடுங்கள்.