மூத்தம்மாவின் குரலும் பழைய ஐபேடும்

எங்கள் வீட்டு ஐபேடுக்குப் பத்து வயது. 2014 ஆம் ஆண்டு வாப்பா கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தது. ஐபேட் எயார் வகை, 16 ஜிபி. அப்போது எனக்கு ஏழு வயது. "புள்ளைகள் படிக்கிறதுக்கு" என்று சொல்லி வாப்பா அதை உம்மாவிடம் கொடுத்தார். உம்மா அதை அலுமாரியில் சாரிகளுக்கிடையில் வைத்துப் பூட்டினார். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மட்டும் வெளியே வரும்.

இப்போது அதை யாரும் பூட்டுவதில்லை. ஸ்கிரீனின் ஒரு மூலை வெடித்திருக்கிறது. சார்ஜரில் போட்டபடிதான் பாவிக்கலாம். தம்பி அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அவன் கேட்கும் விளையாட்டு ஒன்றும் அதில் இறங்காது. ஆனாலும் இந்த வருட நோன்பு லீவில் ஒருநாள் எங்கள் குடும்பம் முழுவதும் அந்த ஐபேடைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அதற்குக் காரணம் மூத்தம்மா.

மூத்தம்மா என்றால் உம்மாவின் உம்மா. எங்கள் பகுதி வழக்கப்படி எங்களோடுதான் இருந்தார். மருதமுனையில் எத்தனையோ பெண்களைப் போல அவரும் தறியில் உட்கார்ந்து பிள்ளைகளை வளர்த்தவர். சாரனும் சாரியும் நெய்த கை. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது அவருடைய பழைய வீட்டோடு ஆல்பங்களும் போய்விட்டன. கல்யாணப் படம் கூட இல்லை. மிஞ்சியது அடையாள அட்டையில் இருந்த படம்தான். அதைப் பார்த்து "இது நானில்லடி, வேற யாரோ கிழவி" என்று சிரிப்பார்.

ஐபேட் வந்த காலத்தில் அதில் குரல் பதிவதற்கென்று ஒன்றும் இருக்கவில்லை. ஐபோனில் இருந்த குரல் பதிவுச் செயலி ஐபேடில் இல்லை. பெரியம்மாவின் மகன் காக்கா இலவசமாகக் கிடைத்த ஒரு செயலியை இறக்கித் தந்தார். சிவப்பு நிறத்தில் மைக் படம் போட்டிருக்கும். அமத்தினால் பதியும், திரும்ப அமத்தினால் நிற்கும். 2015 இலும் 2016 இலும் வெள்ளிக்கிழமைகளில் நான் அதை மூத்தம்மாவின் மடியில் வைத்துவிட்டுக் கதை கேட்பேன். நரிக்கதை, ஜின்கதை, 1978 சூறாவளியில் ஓலைக்கூரை பறந்த கதை, பன்னிரண்டு வயதில் தறியில் உட்கார்ந்த கதை. இடையில் தொழுகைக்கு எழும்பிப் போவார். அதுவும் பதிவாகும்.

2017 ஜனவரியில் மூத்தம்மா வபாத்தானார். அதன் பிறகு சில மாதங்கள் அந்தச் செயலியைத் திறக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. நான் மட்டும் உம்மா தூங்கிய பிறகு ஒன்றிரண்டு தடவை கேட்டிருக்கிறேன். அந்த நாட்களில் செயலியைத் திறக்கும்போதெல்லாம் ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் வந்தது. இனிவரும் ஐஓஎஸ் பதிப்புகளில் இந்தச் செயலி வேலை செய்யாது, இதைச் செய்தவர் இதனை இற்றைப்படுத்த வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். பத்து வயதில் நான் எங்கே அதை வாசித்தேன்? கீழே 'ஓகே' இருந்தது. அமத்தினேன்.

அந்த வருடம் நவம்பரில் லண்டனில் இருக்கும் சாச்சாவின் மகள் எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். "இதப் பாரு, நீதான்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு எமோஜி. என் ஐபேடில் அது கேள்விக்குறி போட்ட ஒரு பெட்டியாகத் தெரிந்தது. என்னவென்று கேட்டேன். ஸ்கார்ஃப் போட்ட பிள்ளை என்றாள். அதற்கு ஒரு கதை இருந்தது. ஜேர்மனியில் வாழ்ந்த சவூதிப் பிள்ளை ரயூஃப் அல்ஹுமைதி, தோழிகளின் வட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவரும் தங்களுக்கென்று ஓர் எமோஜி தெரிவு செய்தபோது தன்னைப் போல ஒன்று இல்லையே என்று பார்த்திருக்கிறார். 2016 இல், பதினைந்து வயதில், உலக எழுத்துகளுக்கான குறியீடுகளையும் எமோஜிகளையும் தீர்மானிக்கும் யூனிகோட் அமைப்புக்கு எழுதினார். 2017 இல் அது ஏற்றுக்கொள்ளப்பட்டு, ஒக்டோபர் கடைசியில் ஐஓஎஸ் 11.1 இல் வந்துவிட்டது.

எனக்கும் அவள் வேண்டும். அவ்வளவுதான் அப்போது தெரிந்தது. உம்மாவிடம் கேட்கவில்லை. 16 ஜிபியில் இடம் காணாதென்று சொன்னதால் தம்பியின் பிறந்தநாள் வீடியோக்களை அழித்தேன். (அந்தக் கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை.) இரவு முழுக்க இறங்கியது. காலையில் ஸ்கார்ஃப் போட்ட பிள்ளை வந்திருந்தாள். சாச்சாவின் மகளுக்கு அவளைப் பத்துத் தடவை அனுப்பினேன்.

மூத்தம்மாவின் செயலி திறக்கவில்லை. அமத்தினால் அதே மாதிரி ஓர் அறிவித்தல். இந்தத் தடவை 'ஓகே' அமத்திய பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். உம்மாவிடம் உண்மையைச் சொல்ல நாலு நாள் எடுத்தது. உம்மா ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. "சரி மகள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். ஏசியிருந்தால் நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன்.

அன்று நடந்தது என்னவென்று எனக்கு விளங்கியது இப்போது, உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கத் தொடங்கிய பிறகுதான். பணிசெயல் முறைமை வன்பொருளுக்கும் செயலிகளுக்கும் நடுவில் நிற்பது. செயலி எதையும் நேரே வன்பொருளிடம் கேட்பதில்லை. மைக்கைத் திற, கோப்பைச் சேமி என்று முறைமையிடம்தான் கேட்கும். எங்கள் ஐபேடின் ப்ரொசெசர் 64 பிட். மூத்தம்மாவின் செயலி அதற்கு முந்திய காலத்து 32 பிட் செயலி. அந்தப் பழைய செயலிகளுக்காக முறைமை இரண்டு தொகுதி உதவி நிரல்களைத் தன்னோடு வைத்திருந்தது. 32 பிட் செயலி ஒன்று திறந்தால் இரண்டாவது தொகுதியையும் நினைவகத்தில் ஏற்ற வேண்டும். எங்கள் ஐபேடில் இருப்பது 1 ஜிபி நினைவகம். 2015 பெப்ரவரி முதலே புதிய செயலிகள் 64 பிட்டிலும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். 2017 இல் ஐஓஎஸ் 11 இரண்டாவது தொகுதியை முற்றாக விட்டுவிட்டது. நியாயம் இருக்கிறது. எங்களுடைய செயலியைச் செய்தவர் அதை எப்போதோ கைவிட்டிருக்க வேண்டும். அவருக்கும் மூத்தம்மாவைத் தெரியாது.

இதைச் சொல்லும்போது, அப்டேட் என்றாலே பழைய டெப்பைக் கெடுக்கும் வேலை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் சொல்லித் திரிந்தேன். ஆனால் எங்கள் ஐபேடில் நான் பார்த்தது வேறு. 2018 செப்டெம்பரில் ஐஓஎஸ் 12 வந்தது. அதற்கு முன் எழுத்தை அமத்தினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வரும். அதன் பிறகு உடனே வந்தது. பழைய கருவிகளை வேகப்படுத்துவதே அந்தப் பதிப்பின் முக்கிய நோக்கம் என்று அப்பிள் நிறுவனம் சொல்லியிருந்தது. ஐபோன் 6 பிளஸில் கெமரா 70 சதவீதம் வரை வேகமாகத் திறக்கும் என்று கணக்கும் கொடுத்தது. எங்கள் வீட்டில் கணக்குப் பார்க்கவில்லை, ஆனால் உம்மா கூட "இதென்ன, புதுசாப் போச்சு" என்றார்.

அதே பதிப்பில்தான் குரல் பதிவுச் செயலி முதன்முதலாக ஐபேடுக்கு வந்தது. முறைமையோடு சேர்ந்தே வருவது, யாரும் கைவிட்டுப் போகாதது. நாலு வருடம் முந்தி வந்திருந்தால் என்று நான் அன்று எண்ணிப் பார்த்தேன்.

அதற்கடுத்த வருடம் ஐபேட்OS 13 என்று புதுப் பெயரோடு வந்ததை எங்கள் ஐபேட் பெறவில்லை. அதற்குப் பிறகு வந்த ஐபேட் எயார் 2 வரைக்கும்தான் அது. எங்களுடையது ஐஓஎஸ் 12 இலேயே நின்றது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சின்னப் பாதுகாப்புத் திருத்தங்கள். 2023 ஜனவரியில் வந்த 12.5.7 தான் எங்களிடம் இருப்பது. அதைப் போட்ட பிறகு செட்டிங்ஸில் போய்ப் பார்த்தபோது உங்கள் மென்பொருள் இற்றைப்படுத்தப்பட்டுள்ளது என்று நம்பிக்கையாகச் சொன்னது.

நின்றுபோன டெப் அடுத்த நாளே பழசாகிவிடுவதில்லை. மெதுமெதுவாக, வெளியில் இருந்து பழசாகிறது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது அதே ஐபேடில்தான் நான் சூம் வகுப்புகளில் இருந்தேன். நன்றாகவே வேலை செய்தது. தோழிகள் பின்னால் கடற்கரையும் பூந்தோட்டமும் போட்டுக்கொண்டு வருவார்கள். என் ஐபேடில் அந்த வசதி வரவில்லை. என் பின்னால் எப்போதும் எங்கள் குசினிச் சுவரும் கெட்டில் மூடியும்தான். பிறகு ஒவ்வொரு செயலியாகப் புதிய பதிப்புக் கேட்கத் தொடங்கியது. பழைய பதிப்பை இறக்கவா என்று கேட்கும். ஆம் என்போம். அதுவும் ஒருநாள் நின்றுவிடும். எமோஜிகளும் பழையபடி பெட்டிகளாக வரத் தொடங்கின. சாச்சாவின் மகள் அனுப்பும் செய்திகளில் பாதி பெட்டிதான்.

அந்த சூம் காலத்தில்தான் இன்னொரு பெரிய பிழை செய்யப் பார்த்தேன். இடம் காணவில்லை. பாவிக்காதவற்றை அழிக்க உட்கார்ந்தேன். சிவப்பு மைக்கில் விரலை வைத்து அமத்தியபடி, "உம்மா, இது சும்மாதானே கிடக்கு, அழிக்கவா?" என்று கேட்டேன். உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவாமலே எழும்பி வந்தார்.

"அது கிடக்கட்டும்."

"திறக்காதே உம்மா."

"திறக்காட்டியும் கிடக்கட்டும்."

அன்று உம்மா காட்டியது பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். ஒரு செயலி திறக்காமல் போனாலும் அது சேமித்த கோப்புகள் அதற்குரிய இடத்திலேயே இருக்கும் என்பதோ, செயலியை அழித்தால் அவையும் சேர்ந்து அழிந்துவிடும் என்பதோ உம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கதவு திறக்காத வீட்டைப் பார்த்து உள்ளே ஆளில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

இந்த வருட நோன்பு லீவில் காக்கா வந்தார். அவர் இப்போது ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். நோன்பு திறந்த பிறகு கஞ்சிக் கோப்பையோடு உட்கார்ந்து ஐபேடைப் புரட்டியவர், சிவப்பு மைக்கைக் கண்டுவிட்டு, "இது இன்னும் இதில கிடக்கா?" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போய் லெப்டொப்பை எடுத்துவந்தார்.

வயரால் இரண்டையும் இணைத்தார். இந்தக் கணினியை நம்பலாமா என்று ஐபேட் கேட்டது. ஐபேடில் உள்ளவை எல்லாவற்றையும் லெப்டொப்பில் ஒரு காப்புப் பிரதியாக எடுத்தார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. இடையில் சார்ஜ் இறங்கி ஒருதரம் அறுந்து, திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினார். அதற்குள் தராவீஹ் முடிந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். காப்புப் பிரதியைப் பிரித்துப் பார்க்கும் மென்பொருள் ஒன்றை வைத்திருந்தார். அதில் செயலி செயலியாகப் பெயர்கள். எங்களுடையதைத் தட்டினார். பத்தொன்பது கோப்புகள். பெயருக்குப் பதிலாகத் திகதிகள். எல்லாம் வெள்ளிக்கிழமைகள்.

இரண்டு கோப்புகள் திறக்கவில்லை. பதினேழு திறந்தன.

முதலாவதில் தறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. பக்கத்து வீட்டுத் தறி. அது இப்போது இல்லை. அந்த இடத்தில் தையல் கடை இருக்கிறது. பிறகு மூத்தம்மா தொண்டையைச் செருமினார். உம்மா வாயைச் சாரித் தலைப்பால் பொத்திக்கொண்டார். பெரியம்மா சத்தமாகவே அழுதார். தம்பிக்கு மூத்தம்மாவின் முகமே சரியாக ஞாபகமில்லை. "இவங்க பேசுறது உம்மாட மாதிரியே இருக்கு" என்றான்.

காக்கா ஒவ்வொன்றாகப் போட்டார். சூறாவளிக் கதை பாதியில் நின்றது. பாங்கு சொல்ல, மூத்தம்மா எழும்பிப் போயிருந்தார். வெறும் ஐபேட், வெறும் அறை, காற்று, தூரத்தில் கோழி. நாங்கள் அதையும் கடைசிவரை கேட்டோம்.

ஒன்பதாவது கோப்பில் நான் மறந்தே போயிருந்த ஒன்று இருந்தது. கதை முடிந்த பிறகு மூத்தம்மா கேட்கிறார்: "இதுக்குள்ள போறதெல்லாம் எத்தின நாளைக்குக் கிடக்கும் மகள்?"

எட்டு வயதுப் பிள்ளையின் குரல், என் குரல், யோசிக்காமல் சொல்கிறது: "எப்பவும் கிடக்கும் மூத்தம்மா. அழியாது."

உம்மா என்னைப் பார்த்தார். நான் கஞ்சிக் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினேன். காக்காவுக்கு இதொன்றும் தெரியாது. "அடுத்ததப் போடவா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பொறு மகன்" என்றார் உம்மா. "அதையே திரும்பப் போடு."