தயிரின் கட்டி எதில் இருக்கிறது?

நல்ல எருமைத் தயிரைச் சட்டியோடு சரித்தாலும் அசையக்கூடாது. கரண்டி வெட்டிய இடம் வெட்டியபடியே நிற்கவேண்டும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் தயிர் வாங்குபவர் முதலில் பார்ப்பது இதைத்தான். இந்தக் கட்டி கொழுப்பால் வருகிறது என்று தொழிலில் இருக்கும் நாங்களே நம்பிவருகிறோம். கொழுப்பு தருவது வழுவழுப்பும் மணமும். பாலைப் பிடித்து நிறுத்துவது கேசீன் என்ற புரதம். பசுப்பாலின் புரதத்தில் ஐந்தில் நாலு பங்கு அதுதான். ஆடை முழுவதும் எடுத்த பாலும் உறைமோர் இட்டால் இறுகுகிறது; நெய்யில் எவ்வளவு உறைமோர் ஊற்றினாலும் தயிர் வராது. எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதம் அளவுக்கு இருக்கிறதே, கட்டி அதனால்தானே என்று கேட்கலாம். அதே பாலில் கேசீனும் பசுப்பாலைவிடக் கூட. 1890களின் இறுதியில் ஜேர்மனியில் கேசீனை ஃபோர்மலினால் கடினமாக்கினார்கள். சட்டைப் பொத்தான்கூட அதில் செய்யப்பட்டது. அவ்வளவு இறுகக்கூடிய பொருள் அது.

பாலில் கேசீன் மிக நுண்ணிய உருண்டைகளாக, ஒன்றையொன்று தள்ளியபடி மிதக்கிறது. உறைமோரிலுள்ள பக்ரீரியாக்கள் பாற்சர்க்கரையைப் புளிப்பாக்க, அந்தத் தள்ளுதல் குறைகிறது; பீஎச் 4.6ஐ நெருங்கும்போது உருண்டைகள் ஒட்டி வலையாகி, நீரையும் கொழுப்பையும் உள்ளே பூட்டிவிடுகின்றன. பாலை ஒருகொதியோடு இறக்காமல் நன்றாகக் காய்ச்சுவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. 85 பாகை செல்சியஸில் அரைமணி நேரம் நின்றால், மற்றப் புரதங்கள் குலைந்து கேசீனோடு ஒட்டி வலையை உறுதியாக்குகின்றன. விறகைச் சேமிக்க இதைக் குறைத்தால், தயிரின்மேல் மஞ்சள்நீர் நிற்கும். உறையும்போது சட்டியை அசைத்தாலும் அந்த நீர் பிரியும். வன்னி வெயிலில் தூரத்துப் பட்டியிலிருந்து வரும் பால் அடுப்பிலேயே திரைவதும் இதே கேசீனின் வேலைதான்: வழியிலேயே புளித்த பால் சூட்டைத் தாங்காது.

பால்மா சேர்த்தால் எந்தப் பாலும் கட்டியாகுமே, ஏன் இவ்வளவு பாடு என்பது நியாயமான கேள்வி. பால்மாவிலும் கேசீன் இருப்பதால் அது பலிக்கும். கட்டிக்காகச் சேர்க்கும் ஜெலற்றினும் சோளமாவும் நீரைப் பிடிக்குமே தவிரக் கேசீன் கூட்டாது. ஆனால் இந்நாட்டுப் பால்மாவில் பெரும்பங்கு இறக்குமதி. 2021இல் டொலர் இல்லாமல் அது கடைகளில் அற்றுப்போனதையும் வரிசைகளையும் எல்லோரும் கண்டோம். அதை நம்பித் தொழில் நடத்துவது எனக்குச் சரியாகப்படவில்லை. பட்டியிலேயே செய்யக்கூடியது இருக்கிறது. மடிநோய் கண்ட மாட்டின் பாலில் கேசீன் குறைந்துவிடும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாமலும் இருக்கலாம். அந்தப் பாலைப் பொதுப்பாலோடு கலந்தால் எல்லாச் சட்டியும் இளகும். கறக்குமுன் மடியைக் கழுவி, முதல் பீச்சலைத் தனியே எடுத்துக் கட்டி, நூல், இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.