கைக்குள் அடங்கும் மின்சாரம்

நம் இல்லங்களில் எத்தனை மின்கலங்கள் இருக்கின்றன என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? சுவர்க் கடிகாரத்தில் ஒன்று, ரிமோட்டில் இரண்டு, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களில் சில, கைப்பேசியில் ஒன்று, இன்வெர்ட்டரோடு பெரியதாய் ஒன்று. விரலில் மாட்டிக்கொண்டு தஸ்பீஹ் எண்ணுகிறோமே, அந்தச் சிறு கருவிக்குள்ளும் பொத்தான் அளவில் ஒன்று ஒளிந்திருக்கிறது!

நான் சிறுவனாக இருந்த காலத்தில் அன்னவாசலில் எங்கள் வீட்டு மின்கலங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அத்தாவின் பேட்டரி லைட்டில் மூன்று கட்டைகள், ரேடியோவில் இரண்டு. அவ்வளவே. சுபுஹுத் தொழுகைக்கு இருட்டில் பள்ளிவாசல் செல்வோருக்கு அந்த லைட்டே துணை. வெளிச்சம் மங்கினால் உடனே புதுக்கட்டை வாங்கிவிட மாட்டார்கள். பழையவற்றை வெயிலில் காயவைத்து மறுபடியும் போடுவார்கள். கொஞ்ச நேரம் எரியும். அது வெறும் நம்பிக்கையன்று. சூட்டினால் உள்ளிருக்கும் இரசாயன மாற்றம் சற்று விரைவுபடும். ஓய்வு பெற்ற கட்டையும் சிறிது தெளியும். ஆனால் தீர்ந்துபோன சரக்கு திரும்ப வருவதில்லை.

அண்மையில் ஓதவரும் பிள்ளைகளில் ஒருவன், “ஹஜ்ரத்! டார்ச்சில் எரியாத பேட்டரியைக் கடிகாரத்தில் போட்டால் மட்டும் எப்படி ஓடுகிறது?” என்று கேட்டான். கலைப்பாடம் படித்துப் பட்டம் பெற்ற என்னை விஞ்ஞான நூல்களைப் புரட்டவைத்த கேள்வி அது. விடை எளியதுதான். டார்ச்சுக்கு வேண்டிய மின்னோட்டத்தில் நூற்றிலொரு பங்குகூடக் கடிகாரத்திற்குத் தேவையில்லை. ஓடமுடியாத முதியவர் மெல்ல நடக்க முடிவதைப் போல, தளர்ந்த மின்கலமும் கடிகார முள்ளைப் பல நாள் நகர்த்திவிடும்.

1800ஆம் ஆண்டு இத்தாலியரான வோல்ட்டா, துத்தநாகம், வெள்ளி ஆகியவற்றின் தகடுகளுக்கிடையே உப்புநீரில் நனைத்த துணியை அடுக்கி மின்சாரம் பெற்றார். 1866இல் பிரான்சின் லெக்லாஞ்சே அமைத்த மின்கலமே நம் சாதாரணக் கட்டையின் மூதாதை. அதன் வெளிக்கூடு துத்தநாகம், நடுவிலிருப்பது கரிக்குச்சி, இடையில் மாங்கனீசு டை ஆக்சைடு கலந்த கருநிறப் பசை. துத்தநாகம் கரையக் கரைய மின்சாரம் பிறக்கிறது. பென்சில் பேட்டரியாயினும் பெரிய டார்ச் கட்டையாயினும் மின்னழுத்தம் 1.5 வோல்ட்தான். செம்பிலும் குடத்திலும் இருப்பது ஒரே நீர், கொள்ளளவே வேறு.

கடிகாரம், ரிமோட் ஆகியவற்றிற்கு விலை மலிந்த இந்தச் சாதாரண வகையே போதும். ஓடும் பொம்மை, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி போன்றவற்றிற்கு ஆல்கலைன் வகை நீடித்து உழைக்கும். எதுவாயினும் பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடலாகாது. நெடுநாள் பயன்படுத்தாத கருவியிலிருந்து கட்டையைக் கழற்றி வைத்தால், அது கசிந்து கருவியை அரிக்காது.

மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் வகை 1.2 வோல்ட் கொண்டது; பல நூறு முறை பயன்படும். சாதாரணக் கட்டையை அந்தச் சார்ஜரில் மாட்டுவது ஆபத்து. இன்வெர்ட்டர் மின்கலம் ஈயத்தகடும் கந்தக அமிலமும் கொண்டது. அதற்கு வாலை வடிநீரே ஊற்றவேண்டும். நம் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு அதற்கு ஆகாது. மின்னேற்றத்தின்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஆதலால் அது காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். அருகே ஊதுபத்தியும் சாம்பிராணிப் புகையும் வேண்டாம். கைப்பேசியிலிருக்கும் லித்தியம் அயனி மின்கலம் 1991இல் சந்தைக்கு வந்தது. அதை உருவாக்கியதற்காக மூன்று அறிஞர்கள் 2019இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவையெல்லாம் எங்கோ நடப்பவை என்றெண்ண வேண்டா. நம் பக்கத்துக் காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மின்கல ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நம் பிள்ளைகள் படித்து நுழையவேண்டிய வாசல்களில் அதுவும் ஒன்று.

தாய்மார்களே, இனிச் சொல்வதைச் சற்று நின்று கவனியுங்கள். பொத்தான் மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால் நாணயத்தை விழுங்கியதைப் போல் எண்ணிக் காத்திருக்கக் கூடாது. உணவுக்குழாயில் சிக்கினால், உடலின் ஈரத்தோடு சேர்ந்து மின்னோட்டம் தொடங்கி, கடுங்காரம் உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். கருவியை இயக்க முடியாத பழைய மின்கலமும் இதைச் செய்யும். 20 மில்லி மீட்டர் அகலமுள்ள வகை மிகக் கொடியது. எச்சில் வடிதல், இருமல், உணவை மறுத்தல் என வெறும் சளிபோலவே அறிகுறிகள் தோன்றலாம். சந்தேகம் எழுந்தவுடன் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். வாந்தியெடுக்க வைக்காதீர்கள், உணவோ நீரோ புகட்டாதீர்கள். ஒரு வயது நிறைந்த குழந்தை விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் இருந்து, கையில் தேனும் இருந்தால், போகும் வழியில் 10 நிமிடத்திற்கொரு முறை இரண்டு தேக்கரண்டி வீதம் ஆறு முறை வரை கொடுக்கலாம் என்பது மருத்துவர் வழிகாட்டுதல். தேனைத் தேடி நேரத்தை வீணாக்கலாகாது. மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் அவசரம் இதே அவசரந்தான்.

ஆகவே இன்றே வீட்டைச் சுற்றிவாருங்கள். ரிமோட், பொம்மை, தஸ்பீஹ் கருவி ஆகியவற்றின் மூடி இறுக்கமாக உள்ளதா என்று பாருங்கள். திருகாணி தளர்ந்திருந்தால் முடுக்குங்கள். மூடி உடைந்திருந்தால் குழந்தையின் கைக்கு எட்டாமல் எடுத்துவையுங்கள். தீர்ந்த பொத்தான் மின்கலத்தின் இருபுறமும் ஒட்டுநாடா சுற்றி உயரத்தில் வையுங்கள். அவற்றைக் குப்பையோடு எரிக்காதீர்கள், வெடிக்கக்கூடும். பழைய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் விதிகள் தயாரிப்பாளர்மீது சுமத்தியுள்ளன. இன்வெர்ட்டர் மின்கலத்தைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடலாம்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அந்த அமானிதத்தைப் பேணுவதற்கு இன்று தேவைப்படுவது ஒரு சிறிய திருப்புளியும் கால்மணி நேரமும்தான்.