காற்று நகரத்தில் விளையும் சிப்: தைவானின் ஷின்ச்சு அறிவியல் பூங்காவுக்கு ஒரு பயணம்

உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போனா? அமைப்புகள் பகுதிக்குப் போய், அதில் என்ன ‘பிராசஸர்’ இருக்கிறது என்று பாருங்கள். ‘மீடியாடெக்’ என்று இருந்தால், அந்தப் போனின் மூளையை வடிவமைத்த நிறுவனத்தின் தலைமையகம் தைவானில் உள்ள ஷின்ச்சு என்ற ஊரில் இருக்கிறது. வேறு பெயர் இருந்தாலும், அந்தச் சிப்புக்கும் இந்த ஊருக்கும் ஏதோ ஒரு வகையில் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

தலைநகர் தைபேயிலிருந்து தென்மேற்கே சுமார் 70 கிலோமீட்டர். அதிவேக ரயிலில் ஏறினால் அரை மணி நேரம் சொச்சம்தான். சாதாரண ரயிலில் வந்தால் 1913-ல் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் கட்டிய அழகான பழைய நிலையத்தில் இறங்கலாம்.

வெளியே வந்ததும் வரவேற்பது காற்று. ‘ஷின்ச்சு’ என்றால் ‘புது மூங்கில்’ என்று அர்த்தம். ஆனால், தைவான்காரர்கள் செல்லமாக அழைப்பது ‘காற்று நகரம்’ என்றுதான். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் தொப்பி தலையில் நிற்காது. அந்தக் காற்றை நம்பியே இங்கே ஒரு தொழில் நடக்கிறது. அரிசி சேமியா! பிழிந்த சேமியாவை மூங்கில் தட்டுகளில் பரப்பிக் காற்றில் உலர்த்துகிறார்கள். நம்மூரில் வற்றலுக்கு வெயில் எப்படியோ, இவர்களுக்குச் சேமியாவுக்குக் காற்று அப்படி. 1748-ல் எழுந்த நகரக் கடவுள் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் அந்தச் சேமியாவைச் சுடச்சுடச் சாப்பிடலாம்.

அங்கிருந்து ஒரு டாக்ஸி பிடித்தால் சற்று நேரத்தில் காட்சி மாறுகிறது. அகலமான சாலைகள், இருபுறமும் மரங்கள், ஜன்னலே இல்லாத பிரமாண்டமான கட்டடங்கள். இதுதான் ஷின்ச்சு அறிவியல் பூங்கா. ஊருக்குள் காற்று இல்லாவிட்டால் சேமியா இல்லை. இந்தக் கட்டடங்களுக்குள்ளோ வடிகட்டாத காற்று ஒரு துளிகூட நுழையக் கூடாது. ஒரு தூசி விழுந்தால் சிப் வீண்.

வயல்வெளியில் ஒரு பந்தயம்

1970-களில் தைவான் என்றால் பொம்மை, குடை, துணி என மலிவான பொருட்கள் தயாரிக்கும் தீவு. படித்த பிள்ளைகள் மேற்படிப்புக்கு அமெரிக்கா போனால் திரும்பி வருவதில்லை. இதை மாற்ற நினைத்த அரசு, 1973-ல் தொழில்நுட்ப ஆய்வுக் கழகம் ஒன்றைத் தொடங்கியது. 1976-ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டு, சிப் தயாரிப்பைக் கற்றுவர இளம் பொறியாளர்களை அனுப்பியது. அவர்கள் கற்றுக்கொண்டு வந்த வித்தைக்கு ஓர் இடம் வேண்டுமே? 1980 டிசம்பர் 15 அன்று பூங்கா திறக்கப்பட்டது.

ஷின்ச்சுவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. சிங் ஹுவா, சியாவ் துங் என்ற இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களும், அந்த ஆய்வுக் கழகமும் ஏற்கெனவே இங்கே இருந்தன. பேராசிரியர், ஆய்வாளர், தொழிலதிபர் மூவரும் மதியச் சாப்பாட்டுக்கு ஒரே கடைக்கு வந்துவிடும் தூரம்.

நிறுவனங்களுக்குக் கிடைத்த சலுகைகளும் எளிமையானவை. நிலத்தை விலைக்கு வாங்க வேண்டாம், அரசிடம் வாடகைக்கு எடுத்தால் போதும். கையில் இருக்கும் பணத்தை மண்ணில் போடாமல் இயந்திரத்தில் போடலாம். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வருமான வரி இல்லை. இறக்குமதி செய்யும் இயந்திரங்களுக்குச் சுங்க வரி இல்லை. அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாக அலையவும் வேண்டாம், எல்லாமே பூங்கா நிர்வாகத்தின் ஒரே வாசலில் முடிந்துவிடும்.

குழந்தைக்குப் பள்ளி இருக்கா?

ஆனால், அமெரிக்காவில் வேலை பார்த்த தைவான் பொறியாளர்களைத் திரும்ப அழைத்துவர வரிச்சலுகை மட்டும் போதவில்லை. அவர்களுடைய கேள்வி வேறாக இருந்தது. ‘இங்கிலீஷில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இங்கே வந்து எந்தப் பள்ளியில் சேர்வார்கள்?’

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்ப யோசிக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கேள்வி புரியும். பதிலாக, 1983-ல் பூங்காவுக்குள்ளேயே இருமொழிப் பிரிவுடன் ஒரு பள்ளி திறந்தார்கள். குடியிருப்புகளும் ஓர் ஏரியும் வந்தன. இன்றும் மாலையில் அந்த ஏரிக்கரையில் பாட்டிகள் நடைபயில்வதையும், பேரப்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதையும் பார்க்கலாம்.

அமெரிக்காவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் 25 ஆண்டுகள் வேலை பார்த்த மோரிஸ் சாங், 1985-ல் அந்த ஆய்வுக் கழகத்துக்குத் தலைவராக வந்தார். 1987-ல் டி.எஸ்.எம்.சி-யைத் தொடங்கியபோது அவருக்கு வயது 55. நிறுவனத்துக்கான முதலீட்டில் கிட்டத்தட்ட பாதியைப் போட்டது அரசு.

அவருடைய யோசனை, நம்மூர் தையல் கடை மாதிரி. டிசைன் உங்களுடையது, தைத்துக் கொடுப்பது நாங்கள். சிப்பை வடிவமைக்கிறவர்கள் கோடிக்கணக்கில் செலவழித்துத் தொழிற்சாலை கட்டத் தேவையில்லை என்றானதும், மூளையை மட்டுமே மூலதனமாக வைத்துப் பலர் தொழில் தொடங்கினார்கள். யு.எம்.சி நிறுவனத்திலிருந்து 1997-ல் பிரிந்து வந்த மீடியாடெக் அப்படி வளர்ந்ததுதான். இன்று பூங்காவில் 500-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்கள்.

தண்ணீர் யாருக்கு?

சிப்புக்கு மணல் வேண்டும், மின்சாரம் வேண்டும், எல்லாவற்றையும்விடத் தண்ணீர் வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மிகத் தூய்மையான நீரால் அதைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

2020-ல் ஒரு புயல்கூட தைவானில் கரை கடக்கவில்லை. புயல் வராவிட்டால் நிம்மதி என்றுதானே நினைப்போம்? தைவானின் நீர்த்தேக்கங்கள் நிரம்புவதே புயல் மழையால்தான். 2021-ல், 56 ஆண்டுகளில் இல்லாத வறட்சி. ஷின்ச்சுவுக்கு நீர் தரும் பாவ்ஷான் நீர்த்தேக்கத்தின் அடிமண் வெடித்துக் கிடந்தது. சிப் ஆலைகளுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. ஷின்ச்சு உள்ளிட்ட பகுதிகளில் வயல்களுக்குப் பாசன நீரை நிறுத்தி, விவசாயிகளுக்கு இழப்பீடு கொடுத்தது அரசு. பணம் வந்தது. ஆனால், நாற்று நட வேண்டிய பருவத்தில் வயல் தரிசாகக் கிடந்தது.

நிலத்துக்கும் இதே கதைதான். தெற்கே மியாவ்லி மாவட்டத்தின் தாபு கிராமம். பூங்காவின் ஜுனான் கிளையை ஒட்டிய விரிவாக்கத்துக்காக, 2010 ஜூனில் நெற்பயிர் நின்ற வயல்களுக்குள் பொக்லைன்கள் இறங்கின. நாடே கொதித்தது. விவசாயிகள் தலைநகரில் அதிபர் மாளிகைக்கு முன்பு வந்து போராடினார்கள். இருந்தும் 2013 ஜூலையில், நிலம் தர மறுத்த நான்கு குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. அந்த நிலத்தை எடுத்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொன்னபோது 2014 ஆகிவிட்டது.

அந்தப் போராட்டத்தை மக்கள் மறக்கவில்லை. லோங்டான் பகுதியில் பூங்காவை விரிவாக்கும் திட்டம் வந்தபோது ஊர்மக்கள் எதிர்த்தார்கள். 2023 அக்டோபரில், அங்கே போகப்போவதில்லை என்று டி.எஸ்.எம்.சி அறிவித்தது.

இந்தியாவும் இதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஷின்ச்சு பூங்காவில் இயங்கும் பவர்சிப் நிறுவனத்தோடு கைகோத்து, குஜராத்தின் தோலேராவில் டாடா சிப் ஆலை அமைக்கிறது. வாடகை நிலம், வரிச்சலுகை, பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு, தாபு வயல்களில் நடந்ததும் ஷின்ச்சு சொல்லித் தரும் பாடம்தான்.

பச்சை பாக்கெட் ரகசியம்

எவ்வளவு பெரிய தொழில்நுட்பம் இருந்தாலும், ஒரு நம்பிக்கை வேண்டாமா? தைவானில் சர்வர்கள், இயந்திரங்கள்மீது ஒரு பச்சை நிற நொறுக்குத்தீனி பாக்கெட் வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். பெயர் ‘குவாய் குவாய்’. ‘சமர்த்தா இரு’ என்று அர்த்தம். பச்சை பாக்கெட் மட்டுமே வைக்க வேண்டும், ஏனென்றால் இயந்திரம் ஒழுங்காக ஓடினால் எரிவது பச்சை விளக்கு. காலாவதித் தேதி தாண்டக் கூடாது. பசித்தாலும் பிரித்துத் தின்னக் கூடாது. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கும் நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

போகிறவர்களுக்கு: ஆலைகளுக்குள் அனுமதி கிடையாது. பூங்காவின் சாலைகளிலும் ஏரிக்கரையிலும் தாராளமாக நடக்கலாம். டி.எஸ்.எம்.சி-யின் அருங்காட்சியகம் பூங்காவிலேயே இருக்கிறது, நேரத்தை முன்கூட்டியே இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கோயில் கடைகளில் சேமியா கேட்கும்போது சைவமா என்று விசாரிப்பது அவசியம், மேலே பன்றி இறைச்சி தூவிக் கொடுப்பது அங்கே வழக்கம். இலையுதிர் காலத்தில் போனால் சேமியா காயும் காட்சியும் கிடைக்கும். தொப்பி மட்டும் வேண்டாம்!